ஸ்கேன்ல தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமா? குடல்வால் அழற்சியின் கதை

1/
"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"
நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, மரக்காணம் பக்கம் உப்பளத்துல வேலை பார்க்கிற ஒரு அம்மா என்கிட்ட கேட்டது. இன்னும் மறக்கல. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/
பையனுக்கு 14 வயசு. முதல்ல தொப்புளைச் சுத்தி வலி. குடலேத்தம்னு நினைச்சு எண்ணெய் தடவி உருவி விட்டிருக்காங்க. அப்புறம் வெளியில ஸ்கேன். ரிப்போர்ட்ல "குடல்வால் தெரியவில்லை"ன்னு இருந்தது. அதை நான் "பிரச்சினை இல்லை"ன்னு படிச்சிட்டேன். ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டேன்.

3/
மறுநாள் ராத்திரி திரும்ப வந்தான். வயிறு கல்லு மாதிரி. குடல்வால் வெடிச்சு சீழ் பரவியிருந்தது. பெரிய ஆபரேஷன், ரெண்டு வாரம் வார்டு. பிழைச்சிட்டான். ஆனா தப்பு என்னோடது.

4/
இந்த நோய்க்கு 'அப்பெண்டிசைடிஸ்'னு பேர் வெச்சது பாஸ்டன் டாக்டர் ரெஜினால்ட் ஃபிட்ஸ், 1886-ல். 1889-ல் நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி, விரலால எங்க அழுத்தினா அதிகம் வலிக்கும்னு சொன்னார். வலது இடுப்பெலும்பு முனையில இருந்து தொப்புளுக்கு ஒரு கோடு; அதுல முதல் மூணுல ஒரு பங்கு தூரத்துல அந்த இடம். இன்னைக்கும் நாங்க முதல்ல அழுத்திப் பார்க்கிறது அங்கதான்.

5/
1895-ல் எக்ஸ்ரே வந்துடுச்சு. நம்ம சென்னையிலேயே 1934-ல் பர்னார்ட் கதிரியக்க நிலையம் திறந்தாங்க. ஆனா எக்ஸ்ரேல எலும்பு தெரியும், வீங்கின குடல்வால் பெரும்பாலும் தெரியாது. அதனால பல பத்தாண்டு டாக்டரோட கைதான் கருவி.

6/
காந்திக்கும் அப்படித்தான். 1924 ஜனவரி 12, எரவாடா சிறையில இருந்தவரை புனே சாசூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. ஆபரேஷன் பண்ணினது கர்னல் மேடாக். சம்மதக் கடிதம் தயாரிக்க உடன் இருந்தவர் நம்ம வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. நடுவுல கரண்ட் போய், அரிக்கேன் விளக்குல முடிச்சாங்க. ராத்திரி டியூட்டி பார்த்த எந்த அரசு டாக்டருக்கும் இந்தக் காட்சி புரியும்.

7/
ஆனா கையை மட்டும் நம்புறதுக்கு ஒரு விலை இருந்தது. நூறு பேரை ஆபரேஷன் பண்ணினா 15, 20 பேருக்கு குடல்வால் நல்லாவே இருக்கும். 'வெடிக்கிறதைவிட இது மேல்'னு அதை ஏத்துக்கிட்டாங்க.

8/
1986-ல் ரெண்டு விஷயம் நடந்தது. ஒண்ணு, அல்வராடோ ஸ்கோர்: வலி இடம் மாறுறது, பசியின்மை, வாந்தி உணர்வு, காய்ச்சல், தொட்டா வலி, வெள்ளை அணு எண்ணிக்கை எல்லாத்துக்கும் சேர்த்து 10 மார்க். கருவியே வேண்டாம், ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

9/
இன்னொண்ணு, நெதர்லாந்தின் புய்லார்ட். அல்ட்ராசவுண்ட் கருவியை மெல்ல மெல்ல அழுத்திக்கிட்டே போனார். காத்து விலகும், நல்ல குடல் நசுங்கும். வீங்கின குடல்வால் மட்டும் நசுங்காது. 6 மில்லிமீட்டருக்கு மேல தடிச்சு, நசுங்காம இருந்தா சந்தேகம் வலுக்கும். எளிமையான யோசனை, ஆனா பெரிய மாற்றம்.

10/
1998-ல் பாஸ்டன்ல ராவ் குழு 100 நோயாளிகளுக்கு சி.டி. எடுத்துப் பார்த்தாங்க. 98 சதவீதம் சரி. ஆனா சி.டி.யில கதிர்வீச்சு உண்டு. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் யோசிச்சுத்தான் எடுக்கணும்.

11/
நம்ம ஊருக்கு வருவோம். விழுப்புரம் தனி மாவட்டமானதே 1993-ல். முண்டியம்பாக்கத்துல அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2010-ல். அதுக்கு முன்னாடி திண்டிவனம், மயிலம் பக்கத்து ஆளுங்களுக்கு பெரிய ஆஸ்பத்திரின்னா பாண்டிச்சேரி ஜிப்மர், இல்லைன்னா சென்னை. வெடிச்ச வயித்தோட பஸ்ல போனவங்க கதை வீட்டுக்கு வீடு இருக்கும்.

12/
ராத்திரியில நானே ஸ்கேன் பண்ணிடலாமேன்னு கேட்பீங்க. 1994 பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி மெஷினுக்குப் பதிவு வேணும், பார்க்கிறவருக்குத் தகுதி வேணும். நம்ம நாட்டுல பெண் சிசுக்களுக்கு நடந்ததைப் பார்த்தா அந்தச் சட்டம் அவசியம். அதனால ராத்திரி ரெண்டு மணிக்கு முதல் கருவி இன்னமும் கைதான்.

13/
குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கலாம், காத்து மறைக்கலாம். அப்போ ரிப்போர்ட்ல "தெரியவில்லை"ன்னு வரும். அதுக்கு "இல்லை"ன்னு அர்த்தம் கிடையாது. இப்போ அப்படி வந்தா நான் அட்மிட் பண்ணி, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப வயித்தைத் தொட்டுப் பார்க்கிறேன். சந்தேகம் தீரலைன்னா சர்ஜன் இருக்கிற இடத்துக்கு அனுப்பிடுறேன்.

14/
நீங்க செய்ய வேண்டியது: தொப்புள்ல ஆரம்பிச்ச வலி வலது அடிவயித்துக்கு இறங்கினா, கூட காய்ச்சல், வாந்தி இருந்தா, உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. உருவி விடாதீங்க. விளக்கெண்ணெய் கொடுக்காதீங்க. ஸ்கேன் நார்மல்னு வந்தும் வலி கூடினா, அதே ரிப்போர்ட்டோட திரும்ப வாங்க. கோபப்பட மாட்டோம்.

15/
அந்த அம்மாவுக்கு அன்னைக்கு நான் பதில் சொல்லல. "தப்பு என்னோடதும்மா"ன்னு சொல்லியிருக்கணும். அதைத்தான் இப்போ இங்க எழுதியிருக்கேன்.