கேட்ட பின்னரே குணமாக்கல்

ஜூபிலி என்பது நன்றி கூறுதல் மட்டுமன்று, மனம் வருந்துதலுமாம். கனடா நாட்டில் 1,50,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடிச் சிறுவர் விடுதிப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். அவற்றுள் பலவற்றை நடத்தியவை நம் துறவற சபைகளே. அங்கே தாய்மொழியும் முன்னோர் சடங்குகளும் தடுக்கப்பட்டன. 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அங்குச் சென்று மன்னிப்பு வேண்டினார்.

2008 முதல் 2015 வரை உண்மை, ஒப்புரவு ஆணையத்தின் முன் அவர்கள் சாட்சி சொன்னபோது பூர்வகுடி மூப்பர் அருகிருந்தனர்; கண்ணீர் துடைத்த தாள்கள் புனித நெருப்பில் இடப்பட்டன. மனநல ஆலோசகரை விரும்பினோர்க்கு அவரும் இருந்தார். ஆணையத்தின் 22-ஆம் பரிந்துரை, பூர்வகுடி நோயாளி கேட்டுக்கொண்டால் மரபுவழிக் குணமாக்கலையும் சிகிச்சையில் சேர்க்கச் சொல்கிறது.

‘கேட்டுக்கொண்டால்’ என்ற சொல்லே நம் நெஞ்சைத் தைக்கிறது. திணித்ததால் வந்த புண், திணிப்பதால் ஆறாது. எரிக்கோவில் பார்வையற்றவரிடம் ஆண்டவரும் முதலில் விருப்பத்தையே கேட்டார். துயருற்றோரை நாடும்போது நாமும் அவ்வாறே கேட்போமாக.