மூளை செய்யும் ஹார்மோன்

துள்ளித் திரியும் காளையைக் காயடித்துவிட்டால் அது ஏருக்கு அடங்கும் எருதாகிவிடுகிறது. இவ்வுண்மையை நம் நாட்டின் எந்தப் பகுதியில் வாழும் உழவரும் அறிவர். ஆனால், விதை போனால் வீறு ஏன் போகவேண்டும் என்று சோதித்துப் பார்க்க முனைந்தவர் மிகச் சிலரே.

1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்னும் பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். விதைகளை முற்றும் இழந்த சேவல்கள் கூவவில்லை, போரிடவில்லை, அவற்றின் கொண்டையும் சிறுத்தது. வேறு சிலவற்றுக்கு, விதையை அதன் இடத்திலிருந்து பெயர்த்து வயிற்றினுள் ஒட்டவைத்தார். நரம்புத் தொடர்பு அறுந்திருந்தும் அவை முழுச் சேவல்களாகவே வளர்ந்தன. விதையிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகிறது என்று அவர் முடிவு கட்டினார்.

அப்பொருளைக் கையில் பிடிக்க மேலும் 86 ஆண்டுகள் சென்றன. 1929-இல் அமெரிக்காவில் டாய்சியும், அதே கோட்டிங்கனில் பூட்டெனான்டும் பெண்பால் ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோனைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் குழுவினர் காளைகளின் விதையிலிருந்து ஆண்பால் ஹார்மோனைப் பிரித்து, டெஸ்டோஸ்டெரோன் என்று பெயரிட்டனர். இது ஆணுக்குரியது, அது பெண்ணுக்குரியது என்று பெயர்ப்பலகை மாட்டியாயிற்று. அந்தப் பலகையே பின்னர் ஆராய்ச்சிக்கு இடையூறாக நின்றது என்பது நம் கருத்து.

ஏனெனில், அதற்கு முரணான சான்று 1934-இலேயே கிடைத்துவிட்டது. யூதர் என்ற காரணத்தால் 1933-இல் ஜெர்மனியில் பதவி பறிக்கப்பட்ட மருத்துவர் சோண்டெக், பொலிகுதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் ஏராளமாக இருப்பதைக் கண்டார். ஆண்மைக்கே எடுத்துக்காட்டாகக் கூறப்படும் பிராணியிடம் பெண்மைச் சரக்கா! அன்று அது ஒரு விந்தையாகவே நின்றுவிட்டது.

விந்தைக்கு விடை ரசாயனத்தில் இருந்தது. டெஸ்டோஸ்டெரோனில் 19 கரி அணுக்கள். ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ராடயாலில் 18. அரோமடேஸ் என்னும் நொதி ஓர் அணுவைக் கழித்து, வளையம் ஒன்றைத் திருத்தி அமைத்தால் முன்னது பின்னதாகிவிடும். இந்த வேலை மூளைக்குள்ளேயே நடைபெறுகிறது என்பதை 1971-இல் நாஃப்டோலின், ரையன் முதலியோர் மனிதக் கருவின் மூளைத் திசுவைக் கொண்டு மெய்ப்பித்தனர். ஆண் எலிக்குட்டியின் மூளையை ஆண்தன்மைப்படுத்துவதில் பெரும்பங்கு, அங்கே உருவாகும் ஈஸ்ட்ரோஜனுக்கே உரியது என்பதும் தெளிவாயிற்று. மனிதருக்கும் அப்படியே என்று உடனே சொல்லிவிட முடியாது. இனத்துக்கு இனம் வழி வேறுபடுகிறது.

இனி, அந்த நொதியின் அளவை நிர்ணயிப்பது எது? இதற்கு விடை தந்தவற்றுள் முக்கியமானது ஜப்பானியக் காடை. உணவுத் தட்டில் மட்டுமே அதனைச் சந்தித்தவர்கள் நம்மில் பலர்! 1980-களில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பால்தசார், ஷூமாக்கர் ஆகியோர் ஆண் காடையின் விதையை நீக்கிப் பார்த்தனர். மூளையின் முன்பகுதியில், இணைசேரும் நடத்தையை ஆளும் இடத்தில், நொதியின் வேகம் வெகுவாகக் குறைந்தது. டெஸ்டோஸ்டெரோனைக் கொடுத்தவுடன் மீண்டும் ஏறியது. நூல் மூட்டையே தறிகளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்வதை ஒக்கும் இது: மூலப்பொருளாக வரும் ஹார்மோனே, தன்னை மாற்றும் நொதியையும் பெருக்குகிறது. நொதியை மருந்தால் தடுத்தபோதோ, டெஸ்டோஸ்டெரோன் இருந்தும் காடை பெட்டையை நாடவில்லை.

எலியிலும் இத்தகைய ஆட்சி உண்டென 1985-இல் ரோசெல்லி முதலியோர் காட்டினர். ஈஸ்ட்ரோஜனாக மாற இயலாத டைஹைட்ரோடெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண்பால் ஹார்மோனும் எலியின் மூளையில் இந்நொதியைப் பெருக்குகிறது. ஆகவே அங்கே கட்டளையிடுவது ஆண்பால் ஹார்மோனே. காடையிலோ, உருவான ஈஸ்ட்ரோஜனும் அக்கட்டளையில் கூட்டுச் சேர்கிறது. மூளையின் எல்லாப் பகுதிகளும் இதற்குப் பணிவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

இவையாவும் நாட்கணக்கில் நிகழும் மாற்றங்கள். நரம்பணுவினுள் கால்சியம் புகும்போது நொதியின் மீது பாஸ்பேட் ஒட்டிக்கொள்வதால் அதன் வேகம் சில நிமிடங்களிலேயே தணிந்துவிடுகிறது என்பதைப் பின்னர் அதே லியேஜ் குழுவினர் கண்டனர். அப்படியானால் மூளையின் ஈஸ்ட்ரோஜன், மெல்லச் செயற்படும் ஹார்மோனாக மட்டுமன்றி நரம்புச் செய்திபோலவும் நடந்துகொள்கிறது. அரோமடேஸைத் தடுக்கும் மருந்துகள் இன்று மார்பகப் புற்றுநோய்க்குப் பல பெண்களுக்கு வழங்கப்படுகின்றன. எனவே, மூளைக்குள் இந்நொதி என்ன செய்கிறது என்னும் கேள்வி காடைக் கூண்டோடு நின்றுவிடுவதில்லை.

நம் நகரங்களிலும் கூண்டுப் பறவையாக விற்கப்படும் ஆஸ்திரேலியச் சிறு குருவியாகிய ஸீப்ரா ஃபிஞ்சில் இன்னொரு புதுமை உண்டு. அதன் ஆண்பறவையின் இரத்தத்தில் ஓடும் ஈஸ்ட்ரோஜன் மூளையிலிருந்தே வருகிறது என 1992-இல் ஷ்லிங்கர், ஆர்னால்டு இருவரும் நிறுவினர். விதையிலிருந்து இரத்தத்தின் வழியே பொருள் பரவுவதைப் பெர்த்தோல்டு கண்டார். இச்சிறு குருவியிலோ மூளையே இரத்தத்துக்கு ஹார்மோனை அனுப்பிக்கொண்டிருக்கிறது.