விடியலில் புளிக்கும் இலை: ரணகள்ளி பிறந்த கதை

ரணகள்ளியை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. கொல்லிமலையில் சோளக்காட்டுச் சந்தைக்குப் போனால் அன்னாசி, பலா, மலைவாழை, மிளகு, முடவாட்டுக்கால் கிழங்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரு விலை சொல்வார்கள். வேலியோரத்தில் தடித்த இலைகளோடு நிற்கும் இந்தச் செடிக்கு மட்டும் விலை கிடையாது. ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு போனால் போதும், வீட்டில் செடி வந்துவிடும். ஊர்ப்பக்கம் இதற்குக் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றே பேர். இலையை நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டாலும் சரி, நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மறந்துபோனாலும் சரி, விளிம்பில் குட்டிச் செடிகள் எட்டிப் பார்க்கும். மயிலிறகு குட்டி போடும் என்று நம்பிப் புத்தகத்தில் வைத்து ஏமாந்த பிள்ளைகளை இந்த இலை ஒருபோதும் ஏமாற்றியதில்லை.

இத்தனை வீடுகளில், இத்தனை வேலிகளில் இருப்பதால் இதைச் சித்தர் காலத்துச் செடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறோம். கொல்லிமலை மூலிகைக்குப் பேர்போன மலை என்பதால் இங்கே அந்தப் பேச்சு இன்னும் எளிதாக எடுபடும். ஆனால் ரணகள்ளியின் தாய்வீடு மடகாஸ்கர். பிரெஞ்சுத் தாவரவியலாளர் லமார்க் 1786-ல் முதலில் இதை ஏட்டில் ஏற்றினார். 1805-ல் ஒரே ஆண்டில் இருவர் வேறு வேறு பெயர் வைத்தார்கள்: பெர்சூன் ‘கலஞ்சோ பின்னேட்டா’ என்றார், சாலிஸ்பரி ‘பிரையோஃபில்லம்’ என்றார். இன்றைக்கும் பள்ளிப் பாடத்தில் பிரையோஃபில்லம் என்று படித்துவிட்டு, நர்சரியில் கலஞ்சோ என்று கேட்டு வாங்குகிறோம். இரண்டும் ஒரே குடும்பத்துச் சங்கதிதான்.

இந்தியாவுக்கு இது வந்த வழியைக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை நடத்திய ராக்ஸ்பர்க் குறித்து வைத்திருக்கிறார். மொலுக்கா தீவுகளிலிருந்து 1799-ல், கிளைவ் சீமாட்டி மூலம். இந்தச் சீமாட்டி ஹென்ரியட்டா. ராபர்ட் கிளைவின் மருமகள். அவருடைய கணவர் எட்வர்ட் கிளைவ் அப்போது சென்னையில் கவர்னர். திப்பு விழுந்த மறு ஆண்டு, மகள்களை அழைத்துக்கொண்டு மைசூர்ச் சீமை, கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று தென்னாடு முழுக்கச் சுற்றியவர் அந்த அம்மாள். போகிற இடமெல்லாம் செடியும் கல்லும் சேர்ப்பது அவர் வழக்கம். அவர் ஒருவர் கையால்தான் செடி வந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. கப்பல் ஏறி வருவதற்கு ரணகள்ளியைப்போல வசதியான செடி வேறு எது? மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், பெட்டிக்குள் ஓர் இலை கிடந்தால் போதும்.

கதையின் நடுப்பகுதி நம்மூர்க் கரையோரம் தொடங்குகிறது. சாக்சனியில் 1770-ல் பிறந்த பெஞ்சமின் ஹைன், மொராவியச் சகோதரர் சபையைச் சேர்ந்தவர். 1792-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். அந்தக் காலத்துத் தரங்கம்பாடியில் பாதிரிகளும் மிஷன் மருத்துவர்களும் ஜெபத்துக்கு ஈடாகச் செடி சேகரிப்பார்கள். கோனிக், ராட்லர், க்ளைன் என்று ஒரு வரிசையே உண்டு. ஹைன் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குப் போனார். ராக்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு மாறியபின் சாமல்கோட்டைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார், பெங்களூர் லால்பாக்கும் சில காலம் அவர் பொறுப்பில் இருந்தது. 1819-ல் சென்னையிலேயே இறந்தார்.

இந்த ஹைன் ஒரு காரியம் செய்தார். தோட்டத்து ரணகள்ளி இலையைக் காலையில் கடித்துப் பார்த்தார், புளியாரைபோலப் புளித்தது. நண்பகலில் கடித்தார்; சப்பென்று இருந்தது. சாயங்காலம் கடித்தார், இலேசான கசப்பு. ஒரே செடி, ஒரே நாள். இதை 1813-ல் லண்டனில் இருந்த தாவரவியலாளர் லாம்பர்ட்டுக்குக் கடிதமாக எழுதினார். லின்னேயன் சங்கத்தின் இதழில் 1815-ல் அது அச்சானது. மொத்தம் மூன்றே பக்கம். கருவி எதுவும் இல்லை, நாக்கு மட்டும்தான்.

அதற்கு முன்பே, 1804-ல், ஜெனீவாவில் சோஸ்யூர் நாகதாளி மட்டை இருட்டில் காற்றை உள்ளிழுப்பதைக் கண்டிருந்தார். ஆனால் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. நியூகாசிலில் மெய்ரியன் தாமஸும் அவர் கூட்டாளிகளும் 1940-களில் இந்த வேதியியலை அலசினார்கள். ரணகள்ளியின் குடும்பப் பெயரையே, கிராசுலேசியைத்தான், அதற்கு வைத்தார்கள். இன்று அதைச் சுருக்கி ‘கேம்’ என்கிறார்கள்.

நடப்பது இதுதான். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்குகின்றன. திறந்த துளை வழியே தண்ணீரும் ஆவியாகிப் போய்விடுகிறது. வெயில் சீமையில் அது கட்டுப்படியாகாது. ரணகள்ளி பகல் முழுக்கத் துளைகளை மூடிக்கொள்கிறது. வெயில் தாழ்ந்து காற்று ஈரமான பிறகுதான் திறக்கிறது. இரவில் வாங்கிய வாயுவை உடனே சமைக்க முடியாது, வெளிச்சம் இல்லையே. அதனால் மாலிக் அமிலமாக மாற்றி, இலைச் செல்லின் நடுவில் இருக்கும் பெரிய நுண்குமிழில் விடியும்வரை சேர்த்து வைக்கிறது. ஆப்பிளின் புளிப்பும் இதே அமிலம்தான். பொழுது விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு, அமிலத்தை உடைத்து வாயுவை வெளியே எடுத்து, வெயிலில் உணவு தயாரிக்கிறது. மத்தியானத்துக்குள் புளிப்பு தீர்ந்துபோகும். ஹைனின் நாக்கு பிடித்தது இந்தச் சேமிப்பின் ஏற்ற இறக்கத்தை.

லாபம் எவ்வளவு? நெல்லைப்போன்ற செடிகள் ஒரு கிராம் கரியமில வாயுவை வாங்க 400 முதல் 500 கிராம் தண்ணீரை இழக்கின்றன. சோளம் போன்றவை 250 முதல் 300. ரணகள்ளியின் வழியில் போகும் செடிகளுக்கு 50 முதல் 100 கிராம் போதும். செடி வகைகளில் நூற்றுக்கு ஆறேழுதான் இந்த வழியைக் கையாள்கின்றன. கற்றாழை, பிரண்டை, நாகதாளி அதில் சேர்த்தி. சோளக்காட்டுச் சந்தையில் குவித்து வைத்திருக்கும் அன்னாசியும் அந்தக் கூட்டம்தான்.

குட்டி போடும் சங்கதி வேறு. முற்றிய இலையை ஒரு தட்டில் வைத்து, ஜன்னலோரம் பத்துப் பதினைந்து நாள் விட்டுப் பாருங்கள். விளிம்பில் பல் பல்லாக வெட்டு இருக்கும். ஒவ்வொரு வெட்டின் குழியிலும் முதலில் ஒரு சிறிய மேடு தட்டுப்படும். பிறகு மெல்லிய வெள்ளை வேர்களும் குண்டூசித் தலை அளவில் ஒரு ஜோடி இலையும் வெளியே வரும். குட்டிகள் பெருக்கப் பெருக்கத் தாயிலை சுருங்கி, மெலிந்து, கடைசியில் காகிதமாகிவிடும். அதில் இருந்த தண்ணீரும் சத்தும் அத்தனையும் குட்டிகளுக்குப் போயிருக்கும். செடியோடு ஒட்டியிருக்கும்வரை இலை பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். பறித்தாலோ அடிபட்டாலோதான் இந்த வேலையைத் தொடங்கும். அதன் தங்கச்சி முறைச் செடி ஒன்று, நர்சரிகளில் ‘ஆயிரங்களின் தாய்’ என்று விற்பது, பறிக்கும்வரை காத்திருப்பதில்லை. செடியில் இருக்கும்போதே விளிம்பு நிறையக் குட்டிகளை அடுக்கி உதிர்த்துக்கொண்டே இருக்கும். கலிஃபோர்னியாவில் ஹெலெனா கார்சேஸ், நீலிமா சின்ஹா குழுவினர் 2007-ல் இதற்குக் காரணம் கண்டார்கள். தண்டு நுனியில் இருக்க வேண்டிய ஒரு மரபணுவும் விதைக்குள் கருவை வளர்க்கும் மரபணு ஒன்றும் இலை விளிம்பில் வேலை செய்கின்றன. ஆயிரங்களின் தாய்க்கு அந்தக் கரு மரபணு குறைபட்டிருப்பதால் முளைக்கும் விதை வைக்க முடிவதில்லை. ரணகள்ளிக்கு அந்தக் குறை கிடையாது.

ஜெர்மனியில் கவிஞர் கதே இந்த இலையில் அப்படி ஒரு மயக்கம் கொண்டவர். ஓர் இலையிலிருந்தே முழுச் செடியும் வரும் என்பது, 1790-ல் அவர் எழுதிய தாவர உருமாற்றக் கொள்கைக்குக் கண்முன்னே சாட்சி. வைமர் வீட்டில் வளர்த்துக் குட்டிகளை நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஜெர்மன்காரர்கள் இதை இன்னும் கதே செடி என்கிறார்கள். நம் பாட்டிமார் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதும் அதே வேலைதான், அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

வளர்ப்பு முறை முழுக்க அந்தப் புளிப்பிலேயே அடங்கியிருக்கிறது. இரவில் மூச்சு வாங்கும் செடிக்கு இரவு குளிர்ந்திருந்தால் நல்லது. புழுங்கும் இரவில் அமிலம் அவ்வளவாகச் சேராது. அடிவாரத்துக் காரவள்ளியில் சித்திரை இரவில் விசிறி இல்லாமல் படுக்க முடியாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே வந்தால் போர்வை தேட வேண்டியிருக்கும். ஆகவே கொல்லிமலை இதற்கு வாய்த்த இடம். மலையில் இதற்குப் பெரிய எதிரி தண்ணீர்தான். ஐப்பசி கார்த்திகையில் மழையும் மூடுபனியுமாக நாள்கணக்கில் நிற்கும்போது, தொட்டியில் இருக்கும் செடியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துவது உத்தமம். தண்டின் அடி கறுத்து மெத்தென்று ஆகிவிட்டால் அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. மேலே நல்ல இலை இருந்தால் கிள்ளி வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குங்கள்.

மண் கலவைக்குப் பெரிய சூத்திரம் தேவையில்லை. மலைச் செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மட்கிய சாணம் ஒரு கை. தொட்டியின் அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்கட்டும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, இரண்டு கணு ஆழத்துக்குக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். நிழலில் வைத்தால் வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்து சாயும். அரைநாள் வெயில் பட்டால் இலை விளிம்பில் செம்மை ஏறி, குட்டையாக, திடமாக நிற்கும். இலைக்கவட்டில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். உரம் போட்டுக் கொழுக்க வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இலை பெரிதாகும், பூ வராது.

பூவுக்கு இதற்கு ஒரு கணக்கு உண்டு. நீண்ட பகல்களைப் பார்த்த பிறகு குறுகிய பகல்கள் வர வேண்டும். ஆனி ஆடியைக் கண்டு, மார்கழியையும் கண்டால்தான் பூக்கும். அதனால் தைக்கு முன்னும் பின்னுமாக நெடிய தண்டு கிளம்பி, உப்பிய பச்சைக் குழல்கள் தலைகீழாகத் தொங்கும். அவற்றின் நுனியில் சிவந்த இதழ்கள் எட்டிப் பார்க்கும். தேன்சிட்டுகள் விடாது. விரிவதற்கு முந்திய மொட்டை விரலால் நசுக்கினால் ‘பட்’டென்று வெடிக்கும், பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டாம், தாமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சிறுநீரகக் கல்லுக்கு விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஓர் இலை என்று சொல்லாத ஊர் இல்லை. புளிப்பு உச்சத்தில் இருக்கும் நேரம் அது என்பது மட்டும் எனக்கு உறுதி. ஹைன்போல நுனி நாக்கில் ருசி பார்ப்பது வேறு, தினமும் தின்பது வேறு. இந்தக் குடும்பத்தில் இதயத்தைப் பாதிக்கும் பியூஃபாடையனோலைடு என்ற சேர்மங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இதன் உறவுச் செடிகளை மேய்ந்து மாடுகள் செத்திருக்கின்றன. பூக்கும் சமயம் ஆடு எட்டும் உயரத்தில் இது இருக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. ஹவாயிலும் கலாபகஸ் தீவுகளிலும் இதே செடி காட்டுக்குள் புகுந்து களையாகிவிட்டது. கொல்லிமலையில் தோட்டமும் காடும் அடுத்தடுத்து இருக்கின்றன. வெட்டிவிட்ட கிளையையும் உதிர்ந்த இலையையும் ஓடைக்கரையில் வீசுவது அங்கே விதைப்பதற்குச் சமம். பாறைமேல் பரப்பி நன்றாகக் காயவிட்டு எரித்துவிடுங்கள். காய்வதற்குள்ளேயே சில இலைகள் குட்டி போட்டிருக்கும்; அவற்றையும் சேர்த்துத்தான்.