பெயர் இல்லாத பதினாலு பேர்

வேலூர் லாங் பஜாருக்குப் போகிறவர்கள் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தால் அது மணி தெரிந்துகொள்வதற்காகத்தான். அதில் பதித்திருக்கும் கல்லைப் படிக்க யாருக்கும் நேரமில்லை. நானும் படித்ததில்லை. போன மார்கழியில் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவன் கையைப் பிடித்து நிறுத்திப் படிக்க வைத்தான்.

ஆங்கிலத்தில் இரண்டு வரி விஷயம். 1914-லிருந்து 1919 வரை நடந்த மகா யுத்தத்துக்கு இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் போனார்கள். அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். கோட்டையும் அகழியும் உள்ள வேலூரைப் போய்க் கிராமம் என்கிறதே என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆள் கொடுத்த ஊர்கள் பலவற்றிலும் இதே வாசகத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊரின் பெயரும் எண்ணிக்கையும்தான் மாறும்.

"இந்தப் பதினாலிலே எங்க கொள்ளுத் தாத்தா எத்தனையாவது ஆள்டா?" என்று கேட்டான் சிநேகிதன்.

சிரிப்பு நின்றுவிட்டது.

அவர்கள் வீடு பட்டாளத்து வீடு. கொள்ளுத் தாத்தா மெசபொட்டேமியாவுக்குப் போனார், திரும்பவில்லை. அப்போது தாத்தா கைக்குழந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து இரண்டாவது யுத்தத்தில் பர்மாவுக்குப் போயிற்று. அப்பா 1971-இல் எல்லையில் இருந்தார். இவன் பெங்களூரில் மதராஸ் ஸாப்பர்ஸில் சேர்ந்து, ஹவில்தாராகி, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறான். நடுவில் ஒரு வேடிக்கையும் உண்டு. தென்னாட்டான் யுத்தத்துக்கு லாயக்கில்லை என்று ஒரு சித்தாந்தம் கிளம்பிற்று. 1881-இலிருந்து 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ் பிரபு அதற்குப் பெரிய பிரசாரகர். 1920-களில் மதராஸ் காலாட்படைகளைக் கலைத்தே விட்டார்கள். ஜெர்மனிக்காரன் மறுபடியும் கிளம்பியதும் லாயக்கு திரும்பி வந்துவிட்டது. 1941-இல் மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் தோன்றியது. தாத்தா அதில்தான் சேர்ந்தார்.

போகட்டும். கொள்ளுத் தாத்தாவின் பெயர் வேறு எங்காவது இருக்குமா? இராக்கில் பஸ்ராவில் ஒரு பெரிய ஞாபகச் சின்னம் இருக்கிறது. மெசபொட்டேமியாவில் மாண்டு, புதைத்த இடம் தெரியாமல் போன நாற்பதினாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களுக்காக 1929-இல் திறந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய் என்றால், கடைசி ஆள் வரைக்கும் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றவர்களுக்கு இன்ன ரெஜிமெண்ட், இத்தனை பேர் என்று ஒரு கணக்கு. இறந்தவர்களுக்குள் உயர்வு தாழ்வு இல்லை என்று பிரகடனம் செய்த அதே கல்லறை ஆணையம் செய்த காரியம் இது. 2021-இல் ஆணையமே விசாரித்து, தவறுதான் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. நூறு வருஷம் கழித்து யார் வாசலில் போய் அதை ஒப்படைப்பது என்பது எனக்கு விளங்கவில்லை.

வேலூரிலிருந்து பஸ் ஏறினால் திருவண்ணாமலை எவ்வளவு தூரம்? அந்த மாவட்டத்தில் செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டில் நட்ட ஒரு நடுகல் அங்கே கிடைத்தது. மாட்டைக் காக்கப் போய்ப் பட்ட வீரன் ஒருவன், பெயர் கருந்தேவக்கத்தி. கல்லில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. எஜமானன் விழுந்த பிறகும் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய். கல் வெட்டினவன் அதன் பெயரையும் விடவில்லை: கோவிவன்.

ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்திய நாய்க்குப் பெயர் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்திய பதினாலு மனிதர்களுக்கு இல்லை. நம் முன்னோர் எல்லாவற்றிலும் நம்மைவிட உயர்ந்தவர்கள் என்று பஜனை செய்கிற ஆசாமி அல்ல நான். ஆனால் போரில் பட்டவனுக்குக் கல்லைத் தேடுவது, அதை நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது என்று தொல்காப்பியம் ஒவ்வொரு படியாக முறை சொல்கிறது. அவ்வளவு சிரமமும் ஒருவன் இன்னான் என்று ஊருக்குத் தெரிவதற்குத்தானே?

புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் மறக்குடிப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் நமக்குப் பெருமையாகச் சொல்லித் தருகிறார்கள். தகப்பன் யானையைக் கொன்று மாண்டான். கணவன் நேற்று ஆநிரையை மீட்கப் போய் விழுந்தான். இன்று பறை கேட்டதும் ஒரே மகனுக்குத் தலைவாரி வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். எனக்கு அந்தப் பாட்டில் எப்போதும் ஒரு சங்கடம். அனுப்பிய மறுநாள் அவள் வீடு எப்படி இருந்தது என்று புலவர் சொல்லவில்லை. அவள் பெயரையும் சொல்லவில்லை.

சிநேகிதன் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனான். பூஜை அலமாரியில் சாமி படங்களுக்கு நடுவே உள்ளங்கையைவிடப் பெரிய வெண்கல வட்டு ஒன்று. யுத்தத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அந்நாளில் சர்க்கார் அனுப்பியது. பிரிட்டானியா அம்மாளும் ஒரு சிங்கமும். ஓரமாக ஒரு சின்னச் செவ்வகத்தில், பதவி, பட்டம் ஒன்றும் இல்லாமல், ஆளின் பெயர் மட்டும் புடைப்பெழுத்தில் வார்த்திருக்கும். சுவர் கொடுக்காததை இந்த வட்டு கொடுத்திருந்தது.

நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிங்கத்துக்கு முகமே இல்லை. எழுத்துக்களில் முதல் இரண்டும் கடைசி ஒன்றும் கைக்குத் தட்டுப்பட்டன. நடுவில் வழவழ என்றிருந்தது.

"அம்மா பண்ற வேலை," என்றான் அவன் தணிந்த குரலில். "ஆடி அமாவாசைக்கும் பொங்கலுக்கும் புளி போட்டுத் தேய்ப்பாங்க. பாட்டியும் அப்படித்தானாம். தேய்க்காதேம்மான்னா கேட்கறதில்லை."

அவன் தாயார் காபியுடன் வந்தார்கள். காதில் விழுந்திருக்க வேண்டும்.

"நல்லாச் சொன்னே போ," என்றார்கள். "கறுத்துப் போய்க் கிடந்தா அவருக்கு மரியாதையா?"

வட்டை என் கையிலிருந்து வாங்கி, முந்தானையால் ஒரு துடை துடைத்து, அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தார்கள்.