வெள்ளிக்கிழமை விருந்தும் பொரித்த முட்டையும்



சில வாரங்களுக்கு முன்னர், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இலண்டனில் எம்மவர் குடும்பமொன்றின் ஐம்பதாவது திருமண நிறைவு விருந்துக்கு ஆசீர் வழங்கச் சென்றிருந்தேன். செபம் முடிந்ததும் சிற்றுண்டித் தட்டுகள் வந்தன. ஒரு தட்டில் இரண்டு வகை முட்டைப் பொரியல்கள் அருகருகே இருந்தன. ஒன்று அங்காடியில் வாங்கி நான்காக வெட்டி வைக்கப்பட்ட ஸ்கொட்ச் முட்டை. மற்றையது வீட்டிலே செய்யப்பட்டது. அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்து, மஞ்சட் கருவை எடுத்து, அதனுடன் ரின் மீன், வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகு, தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைந்து, மீண்டும் வெள்ளைக் கருவுக்குள் அடைத்து, அடித்த முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்திருந்தார்கள். கட்லட்டுக்கும் ரோல்சுக்கும் எம் பெண்கள் கையாளும் அதே முறைதான்.

என் அருகில் அமர்ந்திருந்த எண்பது வயது கடந்த அம்மா ஒருவர் தட்டைத் தொடவில்லை. மெதுவாகக் கேட்டார்: "சுவாமி, இண்டைக்கு வெள்ளியல்லோ. உது தின்னலாமோ?"

"வீட்டில் செய்தது ஆகும், கடையில் வாங்கியது ஆகாது" என்று அந்த இரைச்சலில் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் திருப்தி இல்லை. அவர் கேட்ட கேள்வி ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் பழமையானது. அதற்குரிய முழு விடையை இங்கே எழுத விரும்புகிறேன்.

முட்டை மாமிசமா, இல்லையா? யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் இதற்கு ஐயமே கிடையாது. முட்டை மச்சம், வெள்ளிக்கிழமை மச்சம் சமைக்கும் சட்டியே அடுப்பில் ஏறாது. அந்த அயலில் வளர்ந்த கத்தோலிக்கருக்கோ சுத்தபோசன நாளில் இறைச்சி மட்டுமே விலக்கு, மீன் தாராளம். வெள்ளிக்கிழமை எங்கள் வீடுகளிலிருந்து மீன் குழம்பு மணப்பதைக் கண்டு சைவ நண்பர்கள் வியந்து சிரித்ததை எம்மில் பலர் அறிவோம். முட்டையோ இரண்டு வழக்கங்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அந்த அம்மாவின் தயக்கம் அறியாமையால் வந்ததல்ல. இரண்டு ஊர் வழக்கங்களை ஒரே உடலில் சுமந்ததால் வந்தது.

மேலைத் திருச்சபையும் ஒருகாலத்தில் சைவ வீடுகளின் பக்கமே நின்றது. நடுக்காலத்தில் தவக்காலம் முழுவதும் இறைச்சியுடன் முட்டை, பால், வெண்ணெய், பாற்கட்டி யாவும் விலக்கப்பட்டிருந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் பெருந்தொகுப்பில் இதற்குக் காரணம் கூறுகிறார். இறைச்சி தரும் உயிரிகளிடமிருந்தே முட்டையும் பாலும் வருகின்றன. ஆதலால் தவக்காலத்து நோன்பில் அவையும் தவிர்க்கப்படுகின்றன என்கிறார். ஏனைய நோன்பு நாட்களைப் பற்றி அவர் சொல்வதுதான் எனக்குப் பெரிதும் பிடித்தது. அவ்விடயத்தில் மக்களுக்கு மக்கள் வழக்கம் வேறுபடும். எவர் மத்தியில் வாழ்கிறோமோ அவர்தம் வழக்கத்தை ஒட்டி நடப்பதே கடமை என்கிறார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது பரீட்சைக்காக மட்டுமே படித்தேன். புலம்பெயர்ந்தோர் பங்கில் பணியாற்றிய பின்னரே அதன் ஆழம் புரிந்தது.

கோழிக்கோ தவக்காலம் தெரியாது. பகல் நீள நீள அது கூடுதலாக முட்டையிடும். ஐரோப்பாவில் அது சரியாகத் தவக்காலம் வருகின்ற பருவம். உண்ண முடியாத முட்டைகள் வீடுகளில் குவிந்தன. தவக்காலம் தொடங்கும் முன்பு இருந்தவற்றைத் தீர்ப்பதற்குத் திருநீற்றுப் புதனுக்கு முந்திய செவ்வாயன்று பான்கேக் சுட்டார்கள். இந்நாட்டுப் பள்ளிகளில் எங்கள் பிள்ளைகள் இன்றும் அந்நாளைக் கொண்டாடுகிறார்கள், காரணம் கேட்டால் அநேகர் விழிக்கிறார்கள். தவக்காலத்தில் சேர்ந்தவற்றை உயிர்த்த ஞாயிறன்று மந்திரித்து உண்டார்கள். 1290இல் முதலாம் எட்வேர்ட் மன்னரின் வீட்டுக் கணக்கில், உயிர்த்த ஞாயிறுக்காக 450 முட்டைகளுக்கு 18 பென்ஸ் செலவிட்ட குறிப்பு உண்டு. சாயமிட்டும் பொற்தகடு ஒட்டியும் அரசவையோருக்கு அவை வழங்கப்பட்டன. இன்றைய சொக்கலேட் முட்டையின் கதை, பட்டினியும் சேமிப்பும் கலந்த இந்தக் கதையே.

விதி இருந்த இடத்தில் விதிவிலக்கும் வந்தது. விலக்குக்கு விலையும் வந்தது. பிரான்சின் ரூவான் பேராலயத்தில் 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே ஒரு கோபுரம் நிற்கிறது. தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றோர் செலுத்திய காணிக்கை அதைக் கட்ட உதவியது. மார்ட்டின் லூத்தர் 1520இல் எழுதிய நூலில் இவ்வகை அனுமதி வணிகத்தைக் கடுமையாகச் சாடினார். அவருடைய இறையியல் முடிவுகளை நான் ஏற்பவனல்லன். ஆயினும் இந்த ஒரு விடயத்தில் அவர் கோபம் நியாயமற்றதென்று சொல்ல எனக்கு நா எழாது. இரண்டு ஆண்டுகளின் பின், 1522 தவக்காலத்தில், சூரிச் நகரில் அச்சகர் ஒருவரின் வீட்டில் சிலர் வேண்டுமென்றே சொசேஜ் உண்டார்கள். அங்கிருந்த ஸ்விங்லி தாம் உண்ணவில்லை, உண்டவர்களை ஆதரித்துப் பின்னர் பிரசங்கித்தார். சுவிஸ் நாட்டுச் சீர்திருத்தம் அந்தச் சொசேஜிலிருந்தே தொடங்கிற்று என்பர். ஸ்கொட்ச் முட்டையை எண்ணிப் பாருங்கள்: உள்ளே முட்டை, வெளியே சொசேஜ் இறைச்சி. ஒரே உருண்டையில் இரண்டு பழைய சச்சரவுகள்!

இங்கிலாந்து இதைவிட வேடிக்கையானது. உரோமையோடு உறவை முறித்த பின்னரும் இந்நாடு மீன் நாட்களைக் கைவிடவில்லை. 1563இல் முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில் புதன்கிழமையும் மீன் நாளாகச் சட்டமாக்கப்பட்டது. நோக்கம் ஆன்ம நலன் அன்று. மீனவர் பெருகினால் கடற்படைக்கு ஆள் கிடைக்கும் என்பதே. ஆன்ம மீட்புக்காகத்தான் இந்த ஒறுத்தல் என்று எவரேனும் போதித்தால் அவர் தண்டிக்கப்படுவார் என்றும் அதே சட்டம் எச்சரித்தது. சுத்தபோசனம் கட்டாயம், அதன் பொருளைச் சொல்வது குற்றம்.

இனி, பொரித்து அடைத்த முட்டைக்கு வருவோம். முட்டையின் மஞ்சளை எடுத்துச் சுவையூட்டி மீண்டும் அடைக்கும் முறை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் ஆண்ட அந்தலூசியாவில் எழுதப்பட்ட அரபுச் சமையல் நூலொன்றிலேயே காணப்படுகிறது. அவித்த முட்டையை நூலால் அறுக்கச் சொல்கிறது அந்நூல். எங்கள் தாய்மாரும் நூலால்தானே அறுத்தார்கள்! மஞ்சளைக் கொத்தமல்லி, வெங்காயச் சாறு, மிளகு சேர்த்துப் பிசைந்து நிரப்பி, இரு பாதிகளையும் சேர்த்துச் சிறு குச்சியால் கோத்துவிட வேண்டும்.

எண்ணெயில் பொரிக்கும் முறையைத் தெளிவாகத் தந்தவரோ வத்திக்கானுக்கு உரியவர். பர்த்தலோமேயோ சாக்கி என்பது இயற்பெயர். பிறந்த ஊரின் பெயரால் பிளாத்தினா என்று அழைக்கப்பட்டார். திருத்தந்தை இரண்டாம் பவுல் இவரை இருமுறை சிறையிலிட்டார். அடுத்து வந்த நான்காம் சிக்ஸ்துஸ் 1475இல் வத்திக்கான் நூலகத்தின் தலைவராக்கினார். அந்நியமனத்தைக் காட்டும் ஓவியத்தில் திருத்தந்தையின் முன் பிளாத்தினா முழந்தாளிட்டிருப்பதை வத்திக்கான் கலைக்கூடத்தில் இன்றும் காணலாம். 1470ஐ ஒட்டி உரோமையில் அச்சேறிய அவரது இலத்தீன் நூல், நேர்மையான இன்பமும் உடல்நலமும் பற்றியது. உலகில் முதன்முதலாக அச்சான சமையல் நூல் அதுவே. அதிலுள்ள குறிப்புகளிற் பெரும்பாலானவை கர்தினால் ஒருவரின் சமையற்காரரான கோமோ நகர் மார்த்தினோவினுடையவை. பிளாத்தினா அதை மறைக்கவில்லை, அவரைத் தம் காலத்துச் சமையற்காரரின் தலைவர் எனப் போற்றுகிறார். பிறர் சமையலை எடுத்துத் தமதென்று காணொளி போடுவோர் இதைக் கவனிக்க.

முட்டையைக் கெட்டியாக அவித்து, வெள்ளை சிதையாமல் இரண்டாக்கி, மஞ்சளின் ஒரு பகுதியை உலர்ந்த திராட்சை, பாற்கட்டி, வோக்கோசு, புதினா, வாசனைச் சரக்குகளுடன் இடித்து நிரப்பி, எண்ணெயில் மெதுவாகப் பொரிக்கச் சொல்கிறது அந்நூல். மீந்த மஞ்சளையும் திராட்சையையும் புளிப்பான பழச்சாற்றில் கரைத்து, இஞ்சி, கராம்பு, கறுவா சேர்த்துக் குழம்பாக்கி மேலே ஊற்ற வேண்டும். அந்தக் கறுவா இலங்கையிலிருந்து அரபு வணிகர் கைமாறி வெனிஸ் வழியாக வந்ததாய் இருத்தல் கூடும். வாஸ்கொட காமா கோழிக்கோட்டை அடைவதற்கு அப்போது இன்னும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இருந்தன.

இலண்டனில் 1660இல் வெளியான ரொபர்ட் மேயின் பெரிய சமையல் நூல், முட்டை சமைப்பதற்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியது. அவர் பிரான்சில் பயிற்சி பெற்றவர். தண்டம் செலுத்தியும் விசுவாசத்தைக் கைவிடாத கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் சமைத்தவர். பலி ஒப்புக்கொடுக்க மறைந்து வந்த குருக்களும் அத்தகைய வீடுகளின் சமையலை உண்டே உயிர் வாழ்ந்திருப்பர். நூல் வெளிவந்தபோது அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது; எனக்கு அது ஆறுதலான செய்தி.

ஸ்கொட்ச் முட்டையைப் பற்றி முகநூலில் ஆண்டுதோறும் ஒரு பதிவு வலம் வருகிறது: அது எங்கள் நாட்டு நர்கிசி கோப்தாவை ஆங்கிலேயர் திருடிச் செய்தது என்று. நர்கிசி கோப்தா உண்மையில் அழகிய பண்டம்; வெட்டினால் வெள்ளையும் மஞ்சளுமாய்த் தெரிவதால் நர்கிஸ் மலரின் பெயர் பெற்றது. இரண்டுக்கும் உருவ ஒற்றுமை வெளிப்படை. ஆனால் ஒற்றுமை வேறு, ஆதாரம் வேறு. இலண்டன் பிக்கடிலியிலுள்ள ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடை, தாமே 1738இல் பயணிகளுக்காக அதை உருவாக்கியதாகச் சொல்கிறது. அதுவும் கடையின் உரிமைக்கூற்றே. அச்சில் உறுதியாக நாம் காண்பது மரியா ரண்டெல் அம்மையாரின் சமையல் நூலின் 1809ஆம் ஆண்டுப் பதிப்பில். ஐந்து முட்டைகளை அவித்து, அரைத்த இறைச்சிக் கலவையால் முழுவதும் மூடி, பொன்னிறமாகப் பொரித்து, குழம்புடன் சூடாகப் பரிமாறச் சொல்கிறார். குளிர்பெட்டியில் கிடக்கும் இன்றைய பிளாஸ்டிக் பொதியைக் கண்டால் அம்மையார் கண்ணீர் வடிப்பார். எம் முன்னோரிடமிருந்து உண்மையாகவே பறிக்கப்பட்டவை பல உண்டு. நிரூபிக்க முடியாத ஒன்றை அப்பட்டியலில் சேர்த்தால், நிரூபிக்கக்கூடியவற்றையும் பிறர் நம்பமாட்டார்கள்.

இதே ஸ்கொட்ச் முட்டை 2020 டிசெம்பரில் அரசியல் விவாதமாயிற்று. பெருந்தொற்று விதிகளின்படி, இலண்டன் உட்படப் பல இடங்களில், கணிசமான உணவோடு மட்டுமே மதுச்சாலைகள் மது வழங்கலாம். ஸ்கொட்ச் முட்டை கணிசமான உணவா? ஆகலாம் என்றார் ஓர் அமைச்சர். இரண்டு முட்டை உண்டாலும் அது முன்னுணவுதான் என்ற மற்றோர் அமைச்சர், பிறகு தம் நிலையை மாற்றிக்கொண்டார். திருச்சபைச் சட்ட வல்லுநர்களை எள்ளி நகையாடிய நாடு, ஒரு வாரம் முழுவதும் திருச்சபைச் சட்ட வல்லுநரைப் போலவே பேசிற்று. நான் முழுமனத்துடன் சிரிக்க இயலவில்லை. அதற்கு முந்திய நவம்பரில் இறைமக்களோடு திருப்பலி நிறைவேற்ற அனுமதி இருக்கவில்லை. அடக்கச் சடங்குக்கு முப்பது பேர் மட்டுமே. நூற்றுக்கணக்கான உறவினரைக் கொண்ட எம்மவர் குடும்பங்களில் அந்த முப்பது பேரை யார் தெரிவு செய்வது?

சரி, சட்டம் இப்போது என்ன சொல்கிறது? 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, சுத்தபோசனம் இறைச்சியையும் இறைச்சிச் சாற்றையுமே விலக்குகிறது, முட்டையையும் பாற்பொருட்களையும் அன்று எனத் தெளிவாக்கியது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் அதையே உறுதிசெய்தார். இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் 1985இல் வெள்ளிக்கிழமை ஒறுத்தலை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். 2011 செப்டெம்பர் 16 முதல் இறைச்சி தவிர்ப்பை மீண்டும் நிலைநாட்டினார்கள். ஏற்கெனவே இறைச்சி உண்ணாதவர்கள் வேறேதேனும் உணவைத் தவிர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். பதினான்கு வயது நிறைந்தவர்களைச் சட்டம் கட்டும். பெருவிழாவொன்று வெள்ளியில் வந்தால் அன்று தவிர்ப்பு இல்லை. திருமண நிறைவு எவ்வளவு மகிழ்ச்சியானதாயினும் திருவழிபாட்டுப் பெருவிழா அன்று. ஆகவே வீட்டு முட்டை ஆகும், கடை முட்டை ஆகாது என்ற என் விடை சரியே.

சரியான விடை, ஆனால் அரைகுறை. அம்மேசையைச் சுற்றி மூன்று சைவக் குடும்பங்களும் இருந்தன; அவர்களுக்கு இரண்டு தட்டுகளும் ஒன்றே. மரக்கறிப் பட்டிஸ் சமையலறையில் ஒரு மூலையில் மூடிக் கிடந்தது, யாரும் எடுத்து வரவில்லை. அக்குவினாஸ் சொன்ன 'எவர் மத்தியில் வாழ்கிறோமோ' என்பதில் அவர்களும் அடங்குவார்கள் என்பது அன்று எனக்கு நினைவுக்கு வந்தபோது நேரம் ஒன்பதைத் தாண்டிவிட்டது. எழுந்து போய் நானே அந்தத் தட்டை எடுத்து வந்தேன்.

அந்த அம்மா முதலில் பட்டிஸ் ஒன்றை எடுத்தார். பின்பு முட்டையில் பாதியை உடைத்து மணந்து பார்த்து, "மீன் கொஞ்சம் கூடிப் போச்சு" என்றார். மற்றப் பாதியைத் துடைதாளில் சுற்றிப் பேரனுக்கென்று கைப்பையில் வைத்துக்கொண்டார்.