குரூப்பு என்ன குரூப்பு?

மே மாதம் வந்தால் நம்மூரில் மாமா, சித்தப்பா, மளிகைக் கடை அண்ணாச்சி எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஃபர்ஸ்ட் குரூப்பா, செகண்ட் குரூப்பா?" டெல்லியில் அதுவே "கௌன்ஸா ஸ்ட்ரீம் லியா?" ஆகிறது. சயின்ஸ் என்றால் முகம் மலரும். ஹியூமானிட்டீஸ் என்றால், "ஏன், மார்க் வரலையா?" என்று அனுதாபம். பதினைந்து வயதுப் பிள்ளையை இப்படி நிறுத்திவைத்துக் கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நாளாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் ஆணிகளுக்கு நடுவே படித்ததை இங்கே கொட்டுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

ஆரம்பத்தில் தேர்ந்தெடுக்கும் பேச்சே அதிகம் கிடையாது. மெட்ரிகுலேஷன் முடித்தால் இரண்டு வருடம் எஃப்.ஏ. எல்லாப் பாடத்திலும் தேறியாக வேண்டும். ராமானுஜன் கதை தெரிந்ததுதான். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறெதையும் சீந்தாததால் அதை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் காலை வாரியது. எஃப்.ஏ. கடைசி வரை தேறவில்லை. குரூப் முறையைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. பிடித்த பாடத்தை மட்டும் படிக்கலாம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவருக்கு அது விடுதலையாகத்தான் இருந்திருக்கும்.

எஃப்.ஏ. போய் இன்டர்மீடியட் வந்தது. பெயர் மாறினாலும் அந்த இரண்டு வருடமும் கல்லூரியோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தை ஆராய மைக்கேல் சாட்லர் தலைமையில் ஒரு கமிஷன் போட்டார்கள். 1919-ல் வந்த அறிக்கை, இந்த இரண்டு வருடம் உண்மையில் பள்ளிப் படிப்புதான், இதைப் பல்கலைக்கழகத்திடமிருந்து பிரியுங்கள் என்றது. அலகாபாத்தில் 1921-ல் அதற்கென்றே ஒரு போர்டு தொடங்கினார்கள். இங்கே பக்கத்தில் உ.பி.யில் பிளஸ் டூவை இன்னும் 'இன்டர்' என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி தன் மகன் 'இன்டர் பாஸ்' என்றபோது எனக்கு என் தாத்தாதான் நினைவுக்கு வந்தார் :-)

டெல்லி எப்போதுமே தனி வழி. மாரிஸ் க்வையர் துணைவேந்தராக இருந்தபோது, 1943-லேயே டெல்லி பல்கலைக்கழகம் மூன்று வருடப் பட்டப் படிப்புக்கு மாறிவிட்டது. இன்டர்மீடியட்டின் ஒரு வருடம் பள்ளிக்குப் போனது, இன்னொன்று கல்லூரிக்கு. பள்ளி பதினோரு வருடம்.

இனி நம்மவர் ஒருவர் வருகிறார். டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவர், இரட்டையரில் இளையவர், 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1952-ல் இவர் தலைமையில்தான் மத்திய அரசு இடைநிலைக் கல்வி கமிஷனை அமைத்தது. அடுத்த வருடமே அறிக்கை கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் எல்லாரையும் கல்லூரி வாசலுக்குத் தள்ளும் ஒற்றையடிப் பாதையாக இருக்கிறது, அதை உடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்காக ஏழு பிரிவுகள்: மனிதவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல். எல்லாம் ஒரே கூரையின் கீழ், பல்நோக்குப் பள்ளிகளில். ஓவியம் வருகிற பையனும் லேத்தில் கை வைக்கிற பையனும் ஒரே பள்ளியில், ஒரே மரியாதையோடு. நினைக்கவே நன்றாக இருக்கிறது இல்லையா?

சிக்கல் இரண்டு. பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டியது ஏறக்குறைய ஒன்பதாம் வகுப்பில், அதாவது பதிமூன்று, பதினான்கு வயதில். எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? இன்னொன்று, பள்ளி ஏழு கதவு திறந்தாலும் கல்லூரிகளும் நல்ல வேலைகளும் திறந்தது ஒன்றிரண்டுதான். மனையியல் படித்த பெண்ணும் விவசாயம் படித்த பையனும் வெளியே வந்து பார்த்தால் எதிரே சுவர். பெற்றோர் முட்டாள்கள் அல்லவே, கூட்டம் முழுக்க அறிவியல் பக்கம் சாய்ந்தது. என் கணிப்பில், இந்தக் கதை முழுவதற்கும் சாவி இதுதான். பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பதைப் பள்ளி முடிவு செய்வதில்லை. அடுத்த வாசலில் நிற்பவன் எதைக் கேட்கிறானோ அதுதான் பாடம்.

அடுத்து கோத்தாரி. இயற்பியல்காரர், அப்போது யூ.ஜி.சி. தலைவர். 1964-ல் அமைத்த இவருடைய கமிஷன் 1966-ல் அறிக்கை தந்தது. பத்தாம் வகுப்பு வரை பிரிக்கவே பிரிக்காதீர்கள் என்று அடித்துச் சொன்னது அது. இன்று நாம் படிக்கும் 10+2+3 அங்கிருந்து நேராக வந்ததுதான். பிளஸ் டூவில் பாதிப் பேராவது தொழிற்கல்விக்குப் போக வேண்டும் என்றும் எதிர்பார்த்தார்கள் (அது என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும், விடுங்கள்). எனக்கு வியப்பாக இருந்தது வேறு ஒரு பகுதி. மேல்நிலை வகுப்பில் மொழிகளோடு மூன்று விருப்பப் பாடம் என்று சொல்லி, ஒரே பட்டியலாக வரலாறு, புவியியல், பொருளாதாரம், தர்க்கம், உளவியல், இயற்பியல், கணிதம், உயிரியல் என்று போட்டிருக்கிறார்கள். எந்த மூன்று வேண்டுமானாலும் எடுக்கலாம். வரலாறும் கணக்கும் இயற்பியலும் சேர்த்துப் படிக்கத் தடையே இல்லை. ஃபர்ஸ்ட் குரூப்பைக் கோத்தாரி தலையில் கட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்திருக்க மாட்டார்கள்.

நம்மூரில் அதுவரை பதினோரு வருட எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் ஒரு வருட பி.யூ.சி. என் அப்பா அந்த வழியில் போனவர். கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, பி.யூ.சி.யில் திடீரென்று இங்கிலீஷில் கெமிஸ்ட்ரி. அந்த ஒரு வருடம் பல பேரை விழுங்கியது என்பார். 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது, 1980-ல் முதல் பரீட்சை. இதில் தமிழ்நாடு செய்த நல்ல காரியம், அந்த இரண்டு வருடத்தையும் பள்ளிக்குள்ளேயே வைத்தது. கர்நாடகம் பி.யூ. கல்லூரி என்று தனியே வைத்தது, மகாராஷ்டிரம் ஜூனியர் காலேஜ் என்றது. பக்கத்து ஊர்ப் பள்ளியிலேயே, தமிழிலேயே பன்னிரண்டு முடிக்கலாம் என்றானதும் எத்தனை வீட்டில் முதல் பட்டதாரி வந்தார் என்று நாம் கண்ணால் பார்த்தோம்.

ஆனால் பாடங்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி நம்பர் போட்டதும் அப்படியே தொடர்ந்தது. 1984-ல் நுழைவுத் தேர்வு வந்ததும் கட்டு இன்னும் இறுகியது. எஞ்சினியரிங் கேட்பது கணக்கு, இயற்பியல், வேதியியல். மருத்துவம் கேட்பது உயிரியல். இரண்டு வாசலுக்கும் சாவி வேண்டும் என்று நாங்களெல்லாம் உயிரியலும் கணக்கும் சேர்த்துச் சுமந்தோம். வரலாறு இருந்த குரூப்புக்கு எங்கள் பள்ளியில் நம்பரே கடைசி. மாநில நுழைவுத் தேர்வு 2007-ல் போனது, பிறகு நீட் வந்தது. குரூப் நகரவில்லை.

வாசல் மாறினால் பாடம் மாறும் என்பதற்கு டெல்லியில் நல்ல உதாரணங்கள் உண்டு. 2011-ல் ஸ்ரீராம் காமர்ஸ் கல்லூரி, பிளஸ் டூவில் காமர்ஸ் பாடங்கள் எடுக்காதவர்களுக்கு பி.காம். ஹானர்ஸ் கட்-ஆஃப் நூற்றுக்கு நூறு என்று அறிவித்தது. ஊரே சிரித்தது, ஆனால் பதினொன்றாம் வகுப்புக்காரர்கள் சிரிக்கவில்லை. 2022-ல் க்யூட் வந்தது. டெல்லியில் பொருளாதார ஹானர்ஸுக்கு அதில் கணிதத் தாள் எழுதியே ஆக வேண்டும். அதற்கு முன்பே சி.பி.எஸ்.இ. பத்தாவதுக் கணக்கை 2020 தேர்விலிருந்து ஸ்டாண்டர்டு, பேசிக் என இரண்டாகப் பிரித்துவிட்டது. பேசிக் எழுதியவர்களுக்குப் பதினொன்றில் கணிதம் இல்லை என்றுதான் முதலில் விதி. பிறகு தளர்த்தினார்கள். பொருளாதாரம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு முதல் தேர்வு இப்போது பத்தாவதிலேயே வந்துவிட்டது, பெயர்தான் வேறு. கோத்தாரி தள்ளிவைத்த வயது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது.

இவ்வளவும் தோண்டக் காரணம் என் மகள். பத்தாவது முடித்துவிட்டாள். அவளுக்குக் கணக்கும் வேண்டும், வரலாறும் வேண்டும், கூடவே பொருளாதாரம். பள்ளியில், கணக்கு வேண்டுமென்றால் சயின்ஸ் அல்லது காமர்ஸ், வரலாறு என்றால் ஹியூமானிட்டீஸ் என்றார்கள். தங்கமணி சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தை அச்செடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தார். போர்டு விதியில் ஸ்ட்ரீம் என்று ஒன்று இல்லவே இல்லை, விருப்பப் பாடங்களைக் கலந்து எடுக்கலாம். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் கலைக்கும் அறிவியலுக்கும் நடுவே கறாரான சுவர் கூடாது என்கிறது. கோ-ஆர்டினேட்டர் மறுக்கவில்லை, பாவம். டைம்டேபிளைக் காட்டினார். கணக்கும் வரலாறும் ஒரே பீரியட். இருக்கிற ஆசிரியர்களை வைத்து இப்படித்தான் போட முடியும் என்றார்.

கமிஷன் மேல் கமிஷனாக நூறு வருடம் பேசியது கடைசியில் ஒரு பீரியடில் வந்து நிற்கிறது. பதினைந்து பேர் எழுதிக் கேட்டால் வரலாற்றை வேறு பீரியடுக்கு மாற்றிப் பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மகள் வீடு வீடாக, வாட்ஸ்அப் குரூப் குரூப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நேற்று ராத்திரி வரை ஒன்பது பேர்.