இடித்த கோட்டையும் எங்க வீட்டு நிலைக்கதவும்



மலருக்கு ஊர் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எனக்கு நல்லாத் தெரிஞ்சது எங்க வீட்டுக் கதைதான். அதைச் சொல்லும்போது மதுரை வரலாறும் கூடவே வரும்.

நான் பிறந்து வளர்ந்தது சிம்மக்கல். கல் சிங்கத்தால அந்த இடத்துக்கு அந்தப் பேர். வாக்கப்பட்டு வந்தது வைகைக்கரைக் கிராமத்துக்கு. மாமனாரோட அப்பா கட்டின ஓட்டு வீடு. முற்றத்தைச் சுத்தி நாலு மரத்தூண், வாசலில் தேக்கு நிலைக்கதவு. ஆறு வருசத்துக்கு முன்னாடி பெய்த மழையில் பின்கட்டு உத்திரம் இறங்கி, ஓடெல்லாம் சரிஞ்சு விழுந்துடுச்சு.

அந்த நேரம் பார்த்துப் பழைய மரம் வாங்குற வியாபாரி ஒருத்தர் வந்தார். நாலு தூணுக்கும் நிலைக்கதவுக்கும் சேர்த்து 40,000 ரூபாய் தர்றேன்னார். வித்துட்டு வீட்டை இடிச்சு, ரெண்டு ரூம் சிமெண்டில் கட்டிக்கலாம்னு என் வீட்டுக்காரர் சொன்னார். மாமியார் ஒண்ணும் பேசலை. நிலையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. ரெண்டு நாள் டயம் கேட்டு வியாபாரியை அனுப்பி வச்சேன்.

அன்னைக்கு ராத்திரி, சின்ன வயசில் எங்க அப்பா திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னது ஞாபகம் வந்துச்சு. 1636-ல் கட்டின அரண்மனை அது. இன்னைக்கு நாம பார்க்கிறது அதில் நாலில் ஒரு பங்குதான். திருமலை நாயக்கரோட பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாத்தினப்போ, தாத்தா கட்டின அரண்மனையைப் பிரிச்சு, மரமும் கல்லுமா அங்கே கொண்டுபோனார். மிச்சம் இருந்ததும் இடிஞ்சுக்கிட்டே வந்துச்சு. 1866-லிருந்து 1872 வரைக்கும் கவர்னரா இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் சொன்னதால இந்த அளவாவது நிக்குது. நாம சேலை எடுக்கப் போற பத்துத்தூண் சந்தில் நிக்கிற தூண்களும் அந்த அரண்மனையோட மிச்சம்தான். பேரன் பிரிச்ச வீட்டைத் திரும்பச் சேர்க்க யாராலும் முடியலை.

மதுரையில் இன்னொரு இடிப்பும் நடந்திருக்கு. ஊரைச் சுத்தி 72 கொத்தளத்தோட ஒரு கோட்டையும் அகழியும் இருந்துச்சு. விசுவநாத நாயக்கர் காலத்தில் கட்டினதுன்னு சொல்வாங்க. கலெக்டரா இருந்த பிளாக்பர்ன், கோட்டையால இனிமே பிரயோசனம் இல்லை, ஊருக்குள்ளே ஜனநெருக்கம்தான் ஆகுதுன்னு அதை இடிக்க வச்சார். இடிச்ச மதிலை வச்சே அகழியைத் தூர்த்தாங்க. இடிச்சுக் கொடுத்தவங்களுக்கு அந்த இடமே மனையாக் கிடைச்சுது. வெளி வீதிகள் உண்டானது அப்படித்தான். அந்த வேலையைப் பார்த்தவங்க பேர்தான் மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும். விளக்குத்தூண் பிளாக்பர்ன் ஞாபகமா வச்சது.

ரெண்டையும் நினைச்சுப் பார்த்தேன். வேலை முடிஞ்சு போனதை எடுத்து வேற வேலைக்கு வச்சுக்கிறது ஒண்ணு. நல்லா நிக்கிறதைக் காசுக்காகப் பிரிக்கிறது வேற. எங்க வீட்டில் விழுந்தது பின்கட்டு மட்டும்தானே? தூண் நாலும் கல்லு மாதிரி நிக்குதே!

மறுநாள் குழுக் கூட்டத்தில் கடன் கேட்டேன். "ஓட்டு வீட்டுக்குப் போய்க் கடனா? நாளைக்கு அதுவும் விழுந்தா யாரு கட்டுறது?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. கேட்டது நியாயம்தான். ஆட்டுப்பால் காசில் மாசாமாசம் கட்டிடுவேன்னு சொன்னேன். அரைமணி நேரம் பேசி, 25,000 ரூபாய் கொடுக்கத் தீர்மானம் போட்டாங்க. வியாபாரி திரும்ப வந்தப்போ, விக்கலைன்னு என் வீட்டுக்காரரே சொல்லி அனுப்பிட்டார்.

அந்தப் பணத்தில் புதுசா வாங்கினது சிமெண்டும் ஆணியும்தான், மிச்சம் ஆசாரி கூலி. பக்கத்து ஊரில் இடிச்ச வீட்டிலிருந்து ஓடும் உத்திரமும் வாங்கினோம். ஜன்னல் சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் கிடைச்சுது. அளவெடுக்காம வாங்கிட்டேன், மூணு அங்குலம் பெரிசாப் போயி சுவரை வெட்ட வேண்டியதாப் போச்சு. அத்தையோட ஓடாத தையல் மெஷினின் இரும்புக்காலில் பழைய கதவுப் பலகையைப் போட்டோம், பிள்ளைங்க படிக்க மேசை ஆச்சு. ஒத்தைக் கதவு ஒண்ணு திண்ணையில் பெஞ்சா இருக்கு. உடைஞ்ச உரலில் துளசி வச்சிருக்கேன்.

பழைய மரம் வாங்குற சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டதைச் சொல்றேன். முதல்ல வீட்டில் அளவெடுத்துட்டுப் போங்க. மரத்தை விரலால் தட்டிப் பாருங்க. பொத்துன்னு சத்தம் வந்தா உள்ளே கரையான் தின்னிருக்கும். ஆணியால் குத்தினா சுலபமா இறங்கக் கூடாது. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும், காய்ஞ்சபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. தண்ணி தொட்டுத் தேய்ங்க, மூக்கைத் துணியால் கட்டிக்கோங்க, பிள்ளைங்களைப் பக்கத்தில் விடாதீங்க.

கடனை 20 மாசத்தில் கட்டி முடிச்சேன், ஒரு தவணை தவறலை. இப்ப குழுக் கூட்டம் எங்க முற்றத்தில்தான் நடக்குது. அன்னைக்குக் கேள்வி கேட்ட அக்கா அந்தக் கதவு பெஞ்சில்தான் உட்காருவாங்க. போன மாசம் அவங்க மாமியார் வீட்டுத் தூணுக்கும் ஒரு வியாபாரி விலை கேட்டு வந்திருக்கார். விழுந்த ஓடும் உத்திரமும் இருந்தா எடுத்துக்கோங்க, நிக்கிற தூணைத் தொடாதீங்கன்னு அந்த அக்கா சொல்லிட்டாங்களாம்.